டியூஷனா, தனி ஆசிரியரா, கட்டணச் செயலியா, இலவச வீடியோவா? பத்தாம் வகுப்புக் கணக்குக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனால் போதும், இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். இந்த வருடம் முதலில் கேட்டவர் நெல்லிக்குப்பத்தில் இருந்து ஒரு அம்மா. "சார், பொண்ணு பத்தாவது போறா. ஒன்பதாவதுல கணக்குல 38. கடலூர்ல டியூஷன் சேர்த்துவிடலாமா? இல்ல, ஃபோன்லயே எல்லாம் ஓசியா இருக்குன்னு சொல்றாங்களே, அதையே பார்க்கச் சொல்லிடலாமா?" அடுத்த வாரமே புதுச்சேரியின் பாகூரில் இருந்து ஒரு அப்பா ஏறக்குறைய இதையே கேட்டார். பெண்ணையாற்றைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம்தான் இரண்டு ஊரும். ஆனாலும் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் பதினோரு வருடம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுத்தவன். 2020 ஊரடங்கில் நிறுத்தியதை அப்புறம் திறக்கவில்லை. டியூஷன் எடுத்தவன் டியூஷனுக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே எது நடக்காது என்பது எடுத்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எதை வைத்து அளப்பது?

பெரும்பாலும் இரண்டு விஷயத்தைப் பார்த்து முடிவெடுக்கிறோம்: மாதக் கட்டணம் எவ்வளவு, போன வருடம் அங்கே யார் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். இரண்டாவதை மறந்துவிடுங்கள். நூறு வாங்கிய பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தாலும் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். 38 வாங்கிய பிள்ளை அங்கே என்ன ஆனது என்பதை யாரும் ஃப்ளெக்ஸ் பேனரில் போடுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது பாடத்திட்டம். நெல்லிக்குப்பத்துப் பெண் படிப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். பாகூர்ப் பையன் அரசுப் பள்ளி மாணவன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறி, 2024-25 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும் அதற்குள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் 'உறவுகளும் சார்புகளும்' என்று தொடங்கும். இயற்கணிதப் பாடத்தில் அணிகளும் உண்டு. சிபிஎஸ்இயில் முதல் பாடம் மெய்யெண்கள். சார்புகள் பதினொன்றாம் வகுப்பில், அணிகள் பன்னிரண்டில். கடலூர்ப் பிள்ளைக்காக எடுத்த அருமையான வீடியோவை பாகூர்ப் பிள்ளை மணிக்கணக்கில் பார்த்தாலும், அதில் பாதி அவன் தேர்வில் வராது.

இரண்டாவது அளவுகோலுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். என் மாடியில் 22 பேர் உட்காருவார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண். அமைதியானவள், நோட்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும், "புரியுதா?" என்றால் தலையாட்டுவாள். ஜூன் முதல் டிசம்பர் வரை இப்படியே ஓடியது. ஜனவரியில் ஒரு நாள் மற்றவர்கள் கிளம்பிய பிறகு ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். நடுவில் 3/4 + 2/5 வந்தது. 5/9 என்று எழுதினாள். மேலே இருப்பதை மேலே கூட்டினாள், கீழே இருப்பதைக் கீழே கூட்டினாள். அது ஆறாம் வகுப்பிலேயே விழுந்த ஓட்டை. ஏழு மாதம் நான் அவளுக்கு முக்கோணவியலும் அளவியலும் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் தலையாட்டியதில் பொய் இல்லை, நான் போட்ட வரிகள் அவளுக்குப் புரியத்தான் செய்தன. அடுத்த வரியைத் தானாகப் போட முடியவில்லை, அவ்வளவுதான். ஆக, பிள்ளை கூச்சப்படாமல் ஆறாம் வகுப்புக்கு இறங்கிப் போய்வர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளை போடும் தப்பை யார் பார்க்கிறார்கள். விடையை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வரியில் சறுக்கியது என்று பார்க்கிற ஆள் வேண்டும். நான்காவது, மொழி. தமிழ் வழிப் பிள்ளைக்குச் 'சாய்வு' என்றால் தெரியும், வீடியோவில் வருபவர் 'ஸ்லோப், ஸ்லோப்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே பத்து நிமிடம் போய்விடும். ஐந்தாவது, கட்டணத்துக்கு வெளியே ஆகும் செலவு: பயணம், ஃபோன், டேட்டா, அம்மா அப்பாவின் நேரம்.

டியூஷன் சென்டர்

இதன் பெரிய பலம் பாடம் நடத்துவதில் இல்லை, உட்கார வைப்பதில். ஆறு மணிக்குப் போனால் எட்டு வரை புத்தகம் திறந்திருக்கும். ஒரே அறையில் சமையல், டிவி, தம்பியின் சண்டை எல்லாம் நடக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேர அமைதியே பெரிய வரம்.

இன்னொன்று, தேர்வின் போக்கு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு என்று பதினாறு மதிப்பெண் எடுத்துவைத்த மாதிரி இருக்கும். காம்பஸும் ஸ்கேலும் பிடித்து இருபது முறை வரைந்த பிள்ளை அதை விடாது. தடுமாறுகிற பிள்ளையைத் தேர்ச்சி பெற வைக்க டியூஷன்காரர்கள் முதலில் பிடிப்பது இந்தப் பதினாறைத்தான். நானும் அப்படித்தான் செய்தேன்.

ஆனால் பின்னால் போகும் வசதி? இல்லை. இருபது பேரை வைத்துக்கொண்டு ஒருத்திக்காக ஆறாம் வகுப்புப் பின்னத்தை எடுக்க முடியாது. எடுத்தாலும் அத்தனை பேர் முன்னால் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

மறைந்த செலவு என்றால் முதலில் நேரம். நெல்லிக்குப்பத்தில் இருந்து கடலூர் வந்து போக எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெண்களுக்கு நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் காசு பிரச்சினை இல்லை. எட்டரை மணிக்கு மேல் மகளைத் தனியாகப் பேருந்தில் ஏற்ற மனம் வராமல் அப்பாவோ அண்ணனோ வண்டியில் வந்து நிற்கிறார்களே, அந்தப் பெட்ரோலையும் அவர்கள் நேரத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம் மழைக்காலம். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் எத்தனை நாள் விடுமுறை விழும் என்று நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடிப்படை ஓரளவு சரியாக இருந்து, உட்காரத்தான் மாட்டேன் என்கிற பிள்ளைக்கு டியூஷன். 60 வாங்குபவரை 75-க்கு அது கொண்டுபோகும். 38-ஐ 50 ஆக்கும், ஆனால் அந்தப் பன்னிரண்டும் வரைபடத்தில் இருந்து வந்ததாகவே இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவு எடுத்தால் ஓட்டை மறுபடி பல்லைக் காட்டும்.

வீட்டுக்கு வரும் தனி ஆசிரியர்

காசு பிரச்சினை இல்லை, நல்ல ஆள் கிடைக்கிறார் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், இதைத் தேர்ந்தெடுங்கள். 1984-ல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பகுதி நன்றாகப் பிடிபட்ட பிறகே அடுத்ததற்குப் போவது என்ற முறையில் தனியாகச் சொல்லிக்கொடுத்தபோது, அப்படிப் படித்த சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் இருந்த 98 சதவீதத்தினரைவிட நன்றாகச் செய்தார் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய இடைவெளி கிடைக்கவில்லை. இருந்தாலும் தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்குப் பலன் உண்டு என்பதில் சந்தேகம் எழவில்லை. அதை எல்லோருக்கும் செலவில்லாமல் எப்படிக் கொடுப்பது என்றுதான் புளூம் கேட்டார். நாற்பது வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள். வீடியோ அப்படி வந்த ஒரு பதில்.

நம் ஊரில் இதில் இருக்கும் சிக்கல் வேறு. மாதக் கட்டணம் கொடுக்கும் அப்பா மாலையில் கேட்பார்: "எத்தனை பாடம் முடிஞ்சுது?" அந்தக் கேள்விக்குப் பயந்து ஆசிரியரும் பத்தாம் வகுப்பு முதல் பாடத்தில் தொடங்கிவிடுவார். வீட்டுப்பாடத்தையும் சேர்த்து முடித்துக்கொடுப்பார். தனி ஆசிரியருக்கான பணத்தைக் கொடுத்து, ஒற்றை மாணவர் டியூஷன் சென்டரை வாங்கிய கதைதான். பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல் வாரம் என்ன சார் பண்ணுவீங்க?" "பையனுக்கு எது தெரியாதுன்னு பார்ப்பேன்" என்று வந்தால் சரி.

கட்டணச் செயலி

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழ் வழியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் படிக்கும் பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரும்பாலானவை ஆங்கிலம், பெரும்பாலானவை சிபிஎஸ்இ. பயிற்சிக் கேள்விகளை உடனுக்குடன் திருத்தித் தருவது நல்ல வசதிதான். ஆனால் நான்கு விடையில் ஒன்றைத் தொடும் கேள்வியில் செயலிக்குத் தெரிவது சரியா தப்பா என்பது மட்டுமே. ஐந்து மதிப்பெண் கணக்கில் படிப்படியாக மதிப்பெண் போடும் தேர்வுக்கு அது போதாது.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள், முடியாவிட்டால் தவணைக் கடன் என்பார்கள். பிள்ளை மூன்றாவது மாதமே திறப்பதை நிறுத்திவிட்டாலும் தவணை நிற்காது. நாட்டிலேயே பெயர் பெற்ற ஒரு செயலி நிறுவனம் 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. முன்பணம் கட்டும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வழி சிபிஎஸ்இ, சொந்தமாக ஒரு டேப், யாரும் சொல்லாமலே உட்காரும் குணம் மூன்றும் இருந்தால் மாதச் சந்தா இருக்கிற ஏதாவது ஒன்றை முயலலாம். அதற்கும் முன்னால், கான் அகாடமி என்ற இலவசக் கல்வித் தளத்தின் பயிற்சிகள் போதுமா என்று பார்த்துவிடுங்கள்.

இலவச வீடியோ

கான் அகாடமி தொடங்கிய கதை நம் முடிவுக்கும் உதவும். 2004-ல் பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்கு ஃபோனிலும் கணினியிலும் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் தடுக்கி நின்ற இடம் அலகு மாற்றம். அந்த ஒன்றில் சறுக்கியதால் பள்ளியில் மெதுவாகப் போகும் பிரிவில் போட்டிருந்தார்கள். அது சரியானதும் மற்றதெல்லாம் தானாக நகர்ந்தது. அப்புறம் உறவுப் பிள்ளைகள் பலர் சேர்ந்துகொள்ள, 2006-ல் பாடங்களை யூடியூபில் போட்டார். நேரில் வரும் உங்களைவிட யூடியூபில் வரும் உங்களைத்தான் பிடிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதாக அவரே பின்னாளில் ஒரு மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிள்ளைகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீடியோ அலுத்துக்கொள்ளாது. நிறுத்தலாம், பத்து விநாடி பின்னால் போகலாம், வேகத்தைக் குறைக்கலாம். ஒருவர் குரல் பிடிக்கவில்லையா, அதே பாடத்துக்கு இன்னொருவர். என் மாடியில் நடக்காத அந்த விஷயம் இங்கே நடக்கும்: பத்தாம் வகுப்புப் பெண் ஆறாம் வகுப்புப் பின்னத்தை யாருக்கும் தெரியாமல் பார்த்துவிட்டு வரலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளையும் அதே வசதியில் அடுத்த வகுப்புக்கு ஏறிப் போகலாம், ஆர்வம் இருந்தால் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்கள் வரைக்கும்.

தமிழில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. ஃபோனில் காட்டினால் அந்தப் பகுதிக்கான பாடம் திறக்கும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. 2023-ல் வந்த பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் ஆறாம் வகுப்பு முதலான பாடங்கள் உள்ளன. இவற்றின் அருமை, புத்தகத்தில் இருக்கும் சொல்லிலேயே பேசுவது: காரணிப்படுத்துதல், முற்றொருமை, சாய்வு. மாநிலத்தில் பல ஆசிரியர்கள் தாங்களாக நடத்தும் சேனல்கள் தனி. பாகூர்ப் பையனுக்குத்தான் கஷ்டம். சிபிஎஸ்இ பாடத்துக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் கொட்டிக் கிடக்கிறது, தமிழில் தேட வேண்டியிருக்கிறது. அவனுக்கு நான் சொன்னது: பின்னம், குறை எண், சமன்பாடு மாதிரி அடிப்படை எல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் ஒன்றுதான், அதைத் தமிழ்நாட்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வீடியோவில் தமிழிலேயே பார். பத்தாம் வகுப்புப் பாடத்தை மட்டும் ஆங்கில வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்.

இனி செலவுகள். 'இலவசம்' என்ற சொல் நிறைய மறைக்கும்.

யாருடைய ஃபோன் என்பது முதல் கேள்வி. சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவின் ஃபோன் என்றால் அது வீட்டுக்கு வருவதே இரவு ஒன்பதுக்கு. அம்மாவின் ஃபோன் என்றால் ஒவ்வொரு அழைப்புக்கும் பாடம் நிற்கும். வீடியோவை 480 தரத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை ஜிபி போகும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் அம்மாவின் சீரியலும் தம்பியின் கார்ட்டூனும் அதிலேயேதான். கணக்குப் பாடத்துக்கு 360 போதும், எழுத்து தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். பரணைத் தேடினால் அக்கா படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் சில வீடுகளில் இருக்கும், உயிர் இருந்தால் அது ஃபோனைவிட ஆயிரம் மடங்கு மேல். ஸ்மார்ட் டிவி இருந்தால் இன்னும் நல்லது: கூடத்தில் எல்லோர் கண்முன் ஓடும், நழுவ முடியாது.

நழுவுவது என்றதும் ஷார்ட்ஸ். பாடம் முடிந்த அடுத்த நொடி கட்டைவிரல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீட்டு வைஃபையில் முன்னாலேயே பதிவிறக்கி வைத்து, நெட்டை அணைத்துவிட்டுப் பார்க்க வைப்பது ஒரு வழி. இது மழைக்காலத்துக்கும் உதவும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது நம் பகுதியில் கரண்டும் டவரும் போனது நினைவிருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம் அது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு: புரிந்துவிட்ட மயக்கம். சிகாகோவில் இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட சோதனையில், வட்டப் பலகையில் குறி பார்த்து டார்ட் அம்பு எறிவதை ஒரு குழுவுக்கு ஒரே முறையும் இன்னொரு குழுவுக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தங்களால் நன்றாக எறிய முடியும் என்று கூடுதலாக நம்பினார்கள். எறிந்தபோது கூடுதலாக ஒன்றும் வரவில்லை. என் மூன்றாவது வரிசைப் பெண் தலையாட்டியதும் இதே மயக்கத்தில்தான். நான் ஒரு நேரடி வீடியோவாகத்தான் அவள் முன்னால் நின்றிருக்கிறேன்.

இதற்கு மருந்து இருக்கிறது, கொஞ்சம் கசக்கும். வீடியோவில் கணக்கை எழுதியதுமே நிறுத்த வேண்டும். நோட்டில் தானே போட வேண்டும். முடியாத இடம் வரை போட்டுவிட்டு, அப்புறம் ஓட்டி அந்த ஒரு வரியை மட்டும் பார்க்க வேண்டும். எட்டு நிமிட வீடியோவுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். இருபத்தைந்து ஆகவில்லை என்றால் அது படிப்பு இல்லை, பொழுதுபோக்கு. வீடியோவும் சிறியதாக இருக்கட்டும். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்க்கும் நேரத்தின் நடுமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேர 'முழுப் பாடம் ஒரே வீடியோவில்' வகையறாவைத் தேர்வுக்கு முந்தைய நாள் திருப்புதலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வீடியோவுக்குப் பின்னால் போகத் தெரியும். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியாது. சறுக்கிய பிள்ளைக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தால் பிரச்சினையே இல்லையே. சல்மான் கான் கதையிலும் அலகு மாற்றத்தில்தான் சிக்கல் என்று கண்டுபிடித்தது வீடியோ இல்லை, ஃபோனின் அந்தப் பக்கம் இருந்த மனிதர்.

வீடியோவும் வாரத்துக்கு ஒரு மணி நேர மனிதரும்

என் ஓட்டு இதற்குத்தான். பாடத்தை வீடியோ நடத்தட்டும், பிள்ளையின் நோட்டை ஒரு மனிதர் பார்க்கட்டும். வாரம் முழுக்க அவர் வர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். செய்ய வேண்டியது மூன்று: நோட்டில் நின்றுபோன வரிகளைப் பார்ப்பது, அதை வைத்து அடுத்த வாரத்துக்கு நான்கைந்து வீடியோ குறித்துக்கொடுப்பது, போன வாரம் பார்த்ததில் ஒன்றைப் பிள்ளையையே நடத்தச் சொல்லிக் கேட்பது.

யார் அவர்? பக்கத்துத் தெருவில் பெரியார் கலைக் கல்லூரியிலோ, புதுச்சேரி என்றால் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியிலோ கணிதம் படிக்கும் அக்கா ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார். 2021-ல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் நம் ஊர்களில் நிறைய. மாதம் நான்கு மணி நேரத்துக்குக் கேட்கும் தொகை, டியூஷன் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். சும்மா வாங்காதீர்கள், ஏதாவது கொடுங்கள். இலவசமாக வருபவரிடம் "போன வாரம் ஏன் வரலை?" என்று கேட்க வாய் வராது.

யாருமே கிடைக்கவில்லை என்றால் அம்மாவே போதும், கணக்குத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. பிள்ளை ஒரு கணக்கை வாய்விட்டு விளக்கட்டும். "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பதில் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். விடை சரியா என்பது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. பெரும்பாலான அம்மாக்கள் இதை நம்புவதில்லை. ஆனால் நடக்கிறது.

இதன் குறை, எல்லாம் ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும் என்பது. முதல் மாதம் அம்மாவோ அப்பாவோ தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் ஆளில்லை என்றால் இது இரண்டு வாரத்தில் படுத்துவிடும். அப்போது கூச்சப்படாமல் டியூஷனில் சேர்த்துவிடுங்கள்.

| வழி | பின்னால் போகலாமா | தப்பைப் பார்ப்பவர் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டியூஷன் சென்டர் | கஷ்டம் | ஓரளவு | பயணம், மாலை நேரம், மழை விடுமுறை | உட்கார மறுக்கும் பிள்ளை, இடமில்லாத வீடு |
| தனி ஆசிரியர் | ஆசிரியர் மனம் வைத்தால் | நன்றாக | 'பாடம் முடிந்ததா' என்ற அவசரம் | வசதி இருந்து நல்ல ஆளும் கிடைத்தால் |
| கட்டணச் செயலி | போகலாம் | விடையை மட்டும் | தவணை, சாதனம் | ஆங்கில வழி சிபிஎஸ்இ, தானே படிப்பவர் |
| இலவச வீடியோ மட்டும் | எவ்வளவு வேண்டுமானாலும் | யாரும் இல்லை | ஃபோன், கவனச்சிதறல், புரிந்த மயக்கம் | 75-க்கு மேல் வாங்கும் பிள்ளை |
| வீடியோவும் மனிதரும் | எவ்வளவு வேண்டுமானாலும் | வாரம் ஒருமுறை | முதல் மாதம் பெற்றோர் நேரம் | அடிப்படையில் ஓட்டை உள்ளவர் |

முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எதில் பணம் கட்டும் முன்பும் பத்துக் கணக்கு எழுத வையுங்கள். கால்குலேட்டர் வேண்டாம், நேரக் கட்டுப்பாடு வேண்டாம். 3/4 + 2/5. அப்புறம் −7 − (−3). 240-ல் 15 சதவீதம். 2x + 5 = 17-ல் x என்ன. (a + b)² விரிவு. x² + 5x + 6 காரணிப்படுத்துதல். 12, 18-க்கு மீ.சி.ம. 7 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு. (−2, 3) என்ற புள்ளியை வரைபடத்தாளில் குறிப்பது. 45 ரூபாயை 2:3 விகிதத்தில் பிரிப்பது.

எட்டுக்கு மேல் சரி என்றால் ஓட்டை இல்லை, பழக்கம்தான் குறை: டியூஷனோ, தானே பார்க்கும் வீடியோவோ, எது வசதியோ அது. ஐந்துக்குக் கீழே என்றால் எந்த டியூஷன் சென்டரும் அந்தப் பிள்ளைக்காக நின்று திரும்பிப் பார்க்காது. காலாண்டுத் தேர்வு வரைக்கும் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும், வீட்டில் கீழ் வகுப்பு வீடியோ மட்டும்.

நெல்லிக்குப்பத்து அம்மா விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினார். நான்கு சரி. பின்னம் 5/9. குறை எண் கணக்கில் −10. ஆறாம் வகுப்பு வீடியோவில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

"பத்தாவது பொண்ணு ஆறாவது பாடத்தைப் பார்த்தா அவ தம்பி கிண்டல் பண்ணுவானே சார்?"

"அவன் என்ன படிக்கிறான்?"

"ஏழாவது."

"அவனையும் பக்கத்துல உட்கார வைங்கம்மா. அவனுக்கும் அந்தப் பத்துல பாதியைக் கொடுத்துப் பாருங்க."